எடை உடன்வரும், மொழி உடன்வராது: இந்திய மழலையரின் கற்றல் பதிவுகள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஒடிசாவின் மேற்குப் பகுதியிலுள்ள பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குடும்பங்கள் தெலங்கானா, ஆந்திர மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குச் செல்கின்றன. நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாள் முடிந்த சில வாரங்களில் முன்பணம் பெற்றுப் புறப்படும் இவர்கள், மழைக்காலம் தொடங்குமுன் ஊர் திரும்புகின்றனர். இக்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தையை எண்ணிக்கொள்வோம். அக்குழந்தை ஆண்டின் ஒரு பாதியில் ஊர் அங்கன்வாடியிலும், மறுபாதியில் (வாய்ப்புக் கிட்டினால்) சூளைக்கு அருகிலுள்ள அங்கன்வாடியிலும் அமர்கிறது. முதல் மையம் அக்குழந்தையைப் பற்றி அறிந்தவற்றுள் எவை இரண்டாம் மையத்தைச் சென்றடைகின்றன?

தாயின் துணிப்பையில் இருக்கும் அட்டை சென்றடைகிறது. அதில் பிறந்த நாள், தடுப்பூசிகள், எடைக்கோடு ஆகியவை உள்ளன. குழந்தை எதுவரை எண்ணும், எக்கதையைத் தானே சொல்லும், எவ்விளையாட்டில் முன்நிற்கும், எந்த மொழியில் வாய் திறக்கும் என்பவை ஊரிலேயே தங்கிவிடுகின்றன. இந்த வேறுபாட்டைப் பணியாளரின் கவனக்குறைவாகக் கருதுவோர் உண்டு. அதற்கு நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது என்பதே இப்பதிவின் கருத்து. இந்தியாவில் மழலையர் பதிவேடுகள் உணவுக்கும் எடைக்கும் கணக்குக் காட்டும் வழியில் வளர்ந்தன. கற்றலுக்கான கட்டம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அக்கற்றல் எந்த மொழியில் நிகழ்ந்தது என்னும் கேள்வி இன்றும் விளிம்பிலேயே நிற்கிறது.

1. உற்றுநோக்கலும் சான்றிதழும்

ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கு நம் பள்ளிகள் அறிந்த பழைய வடிவம் மாற்றுச் சான்றிதழ். அதன் கட்டங்களை நாம் அனைவரும் அறிவோம்: பெயர், தந்தை பெயர், சமூகம், பிறந்த நாள், இறுதியாகப் பயின்ற வகுப்பு, கட்டண நிலுவை, நடத்தை, விலகும் காரணம். மாணவர் யார், எவ்வகுப்பில் சேர்க்கத்தக்கவர், பாக்கி ஏதும் உண்டா என்பவற்றுக்கு அது விடை தரும். அவர் எவ்வாறு கற்கிறார் என்பதை அது கேட்பதில்லை.

மழலையர் கல்வி வேறொரு மரபிலிருந்து வந்தது. 1907இல் ரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய மரியா மாண்டிசோரி, ஆசிரியரின் முதற்பணி உற்றுநோக்கல் என்றார். மருத்துவரும் மானுடவியல் பயின்றவருமான அவர், குழந்தையின் உயரத்தையும் எடையையும் முறையாகக் குறித்துவைக்குமாறு அறிவுறுத்தினார். குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் செயலையும் அதில் அது ஆழ்ந்திருக்கும் நேரத்தையும் கவனிக்கச் சொன்னார். அவருடைய முறையில் உடலின் அளவும் கற்றலின் போக்கும் ஒரே பார்வைக்குள் அடங்கின.

இம்மரபு இந்தியாவில் முதலில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று குஜராத்தின் பாவ்நகர். அங்குத் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் 1920இல் கிஜுபாய் பதேக்கா பாலமந்திரைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் பின்னர் மும்பையை அடுத்த கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்று, 1945இல் கிராமக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் இணைந்தார். 1957இல் அப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுப் பகுதிக்கு, வார்லி பழங்குடியினரிடையே இடம் மாறியது. மையத்துக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்களின் முற்றத்துக்கே கல்வியைக் கொண்டுசென்ற முயற்சியிலிருந்துதான் ‘அங்கன்வாடி’ என்னும் கருத்து உருவாயிற்று.

இச்சொல்லைச் சற்று நின்று நோக்கலாம். ‘அங்கண்’ என்பது முற்றம். ‘வாடி’ என்பது அடைப்புள்ள வெளி. தமிழில் ‘மரவாடி’ என்னும்போது ஒலிக்கும் அதே ‘வாடி’. ஆக, அங்கன்வாடி என்னும் பெயருக்குள்ளேயே ஓர் இடம் உறைந்திருக்கிறது. குழந்தை தன் முற்றத்தில் இருக்கும், கல்வி அதைத் தேடி வரும் என்னும் நம்பிக்கை அது. குழந்தையே முற்றத்தை விட்டுப் போனால் என்ன செய்வது என்னும் கேள்வி அப்பெயரில் இல்லை.

2. பதினொரு பதிவேடுகள்

1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளி முன்பருவக் குழந்தையின் வளர்ச்சி குறித்து மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்துக்கு அறிக்கை அளித்தது. உணவு, உடல்நலம், கல்வி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காணவேண்டும் என்பது அதன் சாரம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது.

அத்திட்டம் நாடு முழுவதும் பரவிய விதம் கவனத்துக்குரியது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணையும், 14 லட்சம் மையங்களை 2008 டிசம்பருக்குள் நிறுவுமாறு 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணையும் அதற்குப் பெருங்காரணங்கள். பசி என்னும் உடனடித் துயரே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது, அது நியாயமும்கூட. அதன் விளைவாக, அங்கன்வாடி எதற்கெல்லாம் கணக்குக் காட்டவேண்டும் என்பதையும் பெரும்பாலும் உணவே தீர்மானித்தது.

பின்னாளில் சீரமைக்கப்பட்ட 11 பதிவேடுகளின் பெயர்களைப் படித்தாலே இது விளங்கும்: குடும்ப விவரம், இணை உணவு இருப்பு, இணை உணவு வழங்கல், முன்பருவக் கல்வி, கருவுறுதலும் மகப்பேறும், தடுப்பூசியும் கிராம சுகாதார நாளும், வைட்டமின் ஏ, வீட்டுச் சந்திப்புத் திட்டம், பரிந்துரை, மாத ஆண்டுச் சுருக்கம், எடை. பதினொன்றில் கல்விக்குரியது ஒன்று. அதுவும் முதன்மையாக வருகையைக் குறிக்கும் ஏடு. இத்தனை ஏடுகளையும் எழுதியவர் மதிப்பூதியம் பெறும் ஒரே பணியாளர்.

மற்றொன்று: இவ்வேடுகள் யாவும் ஒரு பரப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஊர்ப்புறத்தில் 400 முதல் 800 வரையிலான மக்கள்தொகைக்கு ஒரு மையம் என்பது விதி. குடும்பக் கணக்கெடுப்பில் இடம்பெறும் குழந்தை அம்மையத்துக்குரியது. பருவந்தோறும் இடம்பெயரும் குழந்தை ஓர் ஏட்டில் பெயர் இருந்தும் ஆள் இல்லாததாகவும், மற்றோர் ஊரில் ஆள் இருந்தும் ஏட்டில் பெயர் இல்லாததாகவும் ஆகிவிடுகிறது.

3. தாயின் கையில் ஓர் அட்டை

எடை மட்டும் எவ்வாறு பயணம் செய்யக் கற்றுக்கொண்டது? இங்கு ஒரு சிறு பன்னாட்டு வரலாறு உண்டு. 1950களில் நைஜீரியாவில் பணியாற்றிய பிரித்தானியக் குழந்தை மருத்துவர் டேவிட் மார்லி, குழந்தையின் எடையைக் கோடாக வரையும் எளிய அட்டையை உருவாக்கினார். அதை மருத்துவமனையில் பூட்டிவைக்காமல் தாயிடமே கொடுத்துவிடுவது அம்முறையின் சிறப்பு. தாய் எங்குச் சென்றாலும் குழந்தையின் வரலாறு உடன்செல்லும். இக்கருத்து உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வளர்ச்சி அளவுகோல்கள் 2008இல் ஏற்கப்பட்டன. 2010இல் சுகாதாரத் துறையும் மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையும் இணைந்து தாய் சேய் பாதுகாப்பு அட்டையை அறிமுகப்படுத்தின. இரண்டு துறைகள் ஓர் அட்டையைப் பகிர்ந்துகொண்டதும், அது தாயின் உடைமையாக இருந்ததும் நம் நிர்வாக வரலாற்றில் சிறிய நிகழ்வுகள் அல்ல. பலாங்கீரில் வரையத் தொடங்கிய கோட்டைத் தெலங்கானாவின் செவிலியர் தொடர்ந்து வரையமுடிகிறது. ஏனெனில் கிலோகிராமுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

கற்றலுக்கு இதையொத்த அட்டை வரத் தாமதமாயிற்று. 2013இல் தேசிய முன்மழலைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 3–4, 4–5, 5–6 ஆகிய வயதுகளுக்குத் தனித்தனிக் குழந்தை மதிப்பீட்டு அட்டைகள் வகுக்கப்பட்டன. எடையட்டை தாயின் பைக்குள் இடம் பிடித்ததைப்போல் இவ்வட்டைகள் பிடிக்கவில்லை.

4. சட்டம் பிரித்த கோடு

பள்ளிக் குழந்தைக்கு இடம்மாறும் உரிமை சட்டத்தில் உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கவேண்டும் என்கிறது. சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ ஒத்திப்போடவோ கூடாது என்றும், தாமதப்படுத்துபவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் கூறுகிறது. கட்டண நிலுவைக்குப் பிணையாக நெடுங்காலம் பயன்பட்ட ஒரு தாள், இதனால் குழந்தையின் பக்கம் சற்றுச் சாய்ந்தது. குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில், பருவகால இடம்பெயர்வுக்கு ஆளாகும் பள்ளிக் குழந்தைகளுக்கு அட்டை வழங்கி, அதைக் கொண்டு சென்ற ஊரில் படிப்பைத் தொடரச் செய்யும் முயற்சிகளும் நடந்தன.

ஆனால் இச்சட்டத்தில் ‘குழந்தை’ என்பதற்கு 6 முதல் 14 வயது வரை என்பதே பொருள். இதன் வேர் 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தத்தில் உள்ளது. அதற்கு முன் 45ஆம் உறுப்பு 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளையும் ஒரே தொடரில் தழுவியிருந்தது. திருத்தம் 6 முதல் 14 வயதினரின் கல்வியை 21அ உறுப்பின்கீழ் அடிப்படை உரிமையாக உயர்த்தியது. ஆறு வயதுக்குட்பட்டோரை நெறிமுறைக் கோட்பாட்டிலேயே விட்டுவைத்தது. ஏழு வயது அண்ணன் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் உரிமையோடு சேரலாம். நான்கு வயதுத் தங்கைக்கு அதே பாதுகாப்பு இல்லை.

கட்டுமானத் தொழிலாளர் குழந்தைகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய ‘மொபைல் கிரஷஸ்’ அமைப்பின் பெயரே நடமாட்டத்தை ஏற்றுக்கொண்டது. கட்டடம் முடிந்தால் காப்பகமும் முடியும் என்பதை அது தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 35ஆம் பிரிவில், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பக அறைகளைக் கட்டாயமாக்கியது. வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை, பயிற்சி பெற்ற பெண்கள் ஆகியவற்றை அப்பிரிவு வலியுறுத்தியது. அக்குழந்தை அடுத்த இடத்துக்குச் செல்லும்போது அதைப் பற்றி என்ன எழுதித் தரவேண்டும் என்பது குறித்து அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

5. மொழியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மொழியியல் பயின்றவர் என்னும் நிலையில் என்னை மிகுதியும் உறுத்துவது இப்பகுதியே.

ஒரு மதிப்பீட்டு அட்டையில் ‘கேள்வி கேட்கிறது’, ‘கதையைத் திருப்பிச் சொல்கிறது’, ‘பொருள்களின் பெயரைக் கூறுகிறது’ என்னும் வரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஊரில் இவற்றுக்கெல்லாம் ‘ஆம்’ பெற்ற குழந்தை, தெலுங்கு பேசும் மையத்தில் மூன்று மாதம் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கக்கூடும். புதிய மொழிச் சூழலில் குழந்தைகள் இவ்வாறு மௌனமாக இருந்து கேட்டுக்கொள்ளும் காலம் உண்டு என்பது இரண்டாம் மொழி ஆய்வில் நன்கறியப்பட்ட செய்தி. முந்தைய பதிவு கையில் இல்லாத பணியாளர் அதே வரிகளுக்கு நேர்மையாகவே ‘இல்லை’ என்று குறிப்பார். அந்த ‘இல்லை’ குழந்தையின் குறையாகப் படிக்கப்படும். ஜூன் மாதம் ஊர் திரும்பும்போது அப்பதிவும் உடன்வந்தால், பதிவு இல்லாதிருந்த நிலையைவிட அது கொடியது.

ஊரில் இருந்த பதிவேனும் சரியானதா? பலாங்கீர்க் குழந்தையின் வீட்டு மொழி பெரும்பாலும் சம்பல்பூரி. கோசலி என்றும் அதைச் சொல்வர். அதனை ஒடியாவின் வட்டார வழக்கு என்போரும் தனிமொழி என்போரும் உள்ளனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை ஒடியாவின் கீழ்த் தொகுத்தது. பள்ளி மாணவர் தரவுத்தளத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ‘ஒடியா’ என்று எழுதப்பட்டால் நிர்வாக அளவில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வகுப்பறையில் ஒலிக்கும் எழுத்து வழக்கு ஒடியாவுக்கும் அக்குழந்தையின் பேச்சுக்கும் உள்ள இடைவெளி அந்த ஒற்றைச் சொல்லில் மறைந்துபோகிறது. தாய்மொழியின் பெயர் ஓர் அடையாளக் குறிப்பு. நமக்கு வேண்டியது உற்றுநோக்கல் நிகழ்ந்த மொழியின் குறிப்பு: குழந்தை எந்த மொழியில் கேட்கப்பட்டது, எந்த மொழியில் விடையளித்தது, கேட்டவர் அம்மொழியை அறிந்தவரா? இம்மூன்றும் இல்லாத மொழி மதிப்பீடு, அலகு எழுதப்படாத எடையைப் போன்றது.

6. கையடக்கத் திரையில்

2021இல் போஷன் டிராக்கர் செயலி நடைமுறைக்கு வந்தபின் காட்சி மாறியுள்ளது. இடம்பெயரும் பயனாளியின் பதிவை ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்கு மாற்றும் வசதி அதில் உண்டு. முற்றத்தோடு கட்டுண்டிருந்த ஏடு முதன்முறையாக நகரத் தொடங்கியுள்ளது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உணவும் எடையும் மாநில எல்லையைக் கடந்து பின்தொடர்வது ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் உதவி.

ஆயினும் செயலியின் பெயரே ‘ஊட்டச்சத்து’ என்று தொடங்குகிறது. பழைய ஏடுகளின் முன்னுரிமை புதிய திரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. மறுபுறம், 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடித்தள நிலையாக வகுத்தது. 2022 அக்டோபரில் வெளிவந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் வீட்டு மொழிக்கு முதன்மை தந்தது. உற்றுநோக்கலையும் குழந்தையின் ஆக்கங்களையும் மதிப்பீட்டின் அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அங்கன்வாடித் தரவு ஓர் அமைச்சகத்திடமும், பள்ளித் தரவு வேறோர் அமைச்சகத்திடமும் உள்ளன. கலைத்திட்டம் ஒரே பருவம் என்று சொல்வதைப் பதிவேடுகள் ஆறாம் வயதில் இரண்டாக வெட்டுகின்றன.

பதிவு எளிதில் நகரும் காலத்தில் எதிர்க்கேள்வியும் எழவேண்டும். எல்லாம் நகரத்தான் வேண்டுமா? பழைய மையத்தின் தீர்ப்பு புதிய மையத்தின் கண்ணை மறைத்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உள்ளனர். அவ்வச்சம் நியாயமானது. ‘மந்தமான குழந்தை’ என்று ஒருமுறை எழுதப்பட்டது எளிதில் அழிவதில்லை. இதற்கு விடை, தீர்ப்பையும் உற்றுநோக்கலையும் பிரித்தறிவதில் இருக்கிறது. ‘எண்ணறிவு: இடைநிலை’ என்பது தீர்ப்பு. ‘புளியங்கொட்டைகளைத் தொட்டுத் தொட்டு ஒன்பது வரை சம்பல்பூரியில் எண்ணுகிறாள், அதற்குமேல் குழம்புகிறாள்’ என்பது உற்றுநோக்கல். இரண்டாவதைப் படிக்கும் தெலுங்குப் பணியாளர் மறுநாளே சில கொட்டைகளை எடுத்துக்கொண்டு அக்குழந்தையின் அருகில் அமரலாம். முதலாவதைக் கொண்டு அவர் எதையும் தொடங்கமுடியாது.

உடைமை பற்றிய கேள்வியும் உள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது; அரசு வழங்கும் நலன்கள், சேவைகள் ஆகியவற்றுக்குத் தனி வழியும் அதில் உண்டு. ஆகவே அங்கன்வாடிக் குழந்தையின் தரவு எவ்வளவு தூரம் தாயின் ஒப்புதலைச் சார்ந்திருக்கும் என்பது நடைமுறையில்தான் தெளிவாகும். மார்லியின் அட்டையில் தாய் அதைக் கையில் வைத்திருந்தார். காட்டலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்தார். திரையில் உள்ள பதிவு அவருக்குத் தெரியாமலே அவருக்கு முன் சென்றுவிடக்கூடும்.

7. ஆய்வுக்கு விட்டுச்செல்லும் கேள்விகள்

வரலாறு இங்குச் சொல்வது எளிமையானது. ஒரு செய்தி பயணம் செய்யவேண்டுமானால் மூன்று நிலைமைகள் தேவைப்பட்டன: இரண்டு துறைகளும் ஏற்ற ஒரே வடிவம், தாயின் உடைமை, சென்ற இடத்தில் படிக்கத்தக்க குறியீடு. எடைக்கு மூன்றும் 2010இல் ஒன்றுகூடின. கற்றலுக்கு முதலாவது இழுபறியில் உள்ளது. இரண்டாவது பேசப்படவே இல்லை. மூன்றாவது மொழியியலாளர்களின் மேசையில் கிடக்கிறது.

நம் துறையினர் செய்யக்கூடியவை உள்ளன. ஒடியா–தெலுங்கு, மராத்தி–கன்னடம் போன்ற, உண்மையில் மக்கள் நடந்துசெல்லும் வழித்தடங்களுக்கு இருமொழிக் குறிப்புத் தாள்களை உருவாக்கலாம். மராத்வாடாவிலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்கள் வடகர்நாடகத்தை அடையும்போது அங்கன்வாடியின் மொழி மாறிவிடுகிறது. அத்தகைய வழித்தடங்களைப் பட்டியலிடுவதே ஒரு நல்ல முதுநிலை ஆய்வேடாக அமையும். சம்பல்பூரி போன்ற மொழிகளில் மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் எவ்வாறு கதை சொல்கின்றனர், வினையை எவ்வாறு தொடுக்கின்றனர் என்னும் அடிப்படைத் தரவு இல்லாமல் ‘வயதுக்கேற்ற மொழி வளர்ச்சி’ என்று எந்த அட்டையிலும் எழுதமுடியாது. அத்தரவைத் திரட்டுவது முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பணி. எழுதப்படுவதைத் தாய்க்கு அவருடைய மொழியில் படித்துக் காட்டி, ஒரு படியை அவரிடமே கொடுக்கும் நடைமுறையைச் சில மையங்களிலேனும் சோதித்துப் பார்க்கலாம்.

வரும் நுவாகாய்க்குப் பின்னும் குடும்பங்கள் புறப்படும். தாயின் பையிலுள்ள அட்டையோடு இன்னும் ஒரு தாள் செல்ல இடம் இருக்கிறது. இத்தாள் எப்படி இருக்கவேண்டும் என்பது குறித்துக் களத்தில் பணியாற்றுவோரும், ஒடியா, தெலுங்கு, மராத்தி, கன்னட மொழியியல் நண்பர்களும் எழுதினால், அடுத்த பதிவில் தொகுத்துத் தருகிறேன்.